கூலி நோட்டில் இல்லாத பெயர்கள்: குழந்தைத் தொழிலைப் புரிந்துகொள்ள ஓர் எளிய அறிமுகம்

செங்கல் சூளைகளில் கூலியை ஆளுக்கு இவ்வளவு என்று தருவதில்லை. அறுத்துக் காயவைத்த ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்கு ஒரே கணக்கு. நோட்டில் தந்தையின் பெயர் மட்டும் இருக்கும். தாய் மண் குழைத்துக் கொடுப்பாள், தந்தை அச்சில் வைத்துக் கல் அறுப்பார், பத்து வயது மகன் பாதி காய்ந்த கல்லைப் புரட்டிப் போடுவான். எடை குறைந்த பிள்ளைகளிடம்தான் அந்த வேலை போய்ச் சேரும்; ஈரக் கல்லின் மேல் பெரியவர்கள் கால் பட்டால் கல் உடைந்துவிடும். சூளை உரிமையாளரிடம் கேட்டால், இங்கே குழந்தைகள் யாரும் வேலை செய்யவில்லை என்பார். அவருடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

குழந்தைத் தொழிலைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்த நோட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். டீக்கடையில் தனியாக நின்று கிளாஸ் கழுவும் சிறுவன்தான் நம் மனத்தில் முதலில் வருகிறான். அவனைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மிகப் பலர் பெரியவர்களின் கூலிக் கணக்குக்குள்ளோ கடன் கணக்குக்குள்ளோ இருந்துகொண்டுதான் உழைக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் கண்ணில் படுவதில்லை. கண்ணில் பட்டு மீட்கப்பட்ட பிறகும், அந்தக் கணக்கை யாரும் தீர்க்காவிட்டால் பழைய இடத்துக்கே போய்விடுகிறார்கள்.

எது உதவி, எது தொழில்?

"நாங்களெல்லாம் சின்ன வயதில் வேலை செய்யவில்லையா?" என்ற கேள்வி இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் வரும். நியாயமான கேள்விதான். பள்ளி விட்டு வந்து ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவதும், அப்பாவின் பெட்டிக்கடையில் சிறிது நேரம் உட்காருவதும், விடுமுறையில் தறியின் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகுவதும் குழந்தைத் தொழில் ஆகாது. பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, போனாலும் வகுப்பில் தூங்காமல் உட்காரும் தெம்பு அதற்கு இருக்கிறதா, அந்த வேலை அதன் உடம்பைக் கெடுக்கிறதா, நாளைக்கு வரமாட்டேன் என்று அதனால் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்வியைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். வரமாட்டேன் என்று சொன்னால் வீட்டுக்கு ஆள் வந்து நிற்பார் என்றால், அங்கே நடப்பது உதவி இல்லை.

சட்டம் வயதை வைத்துக் கோடு போடுகிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சில ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் 14 வயதுக்குட்பட்டவர்களைத் தடை செய்தது. 2016-இல் செய்த திருத்தம் 14 வயது நிறையாதவர்களை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று ஆக்கியது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்று வகைப்படுத்தி, சுரங்கம், தீப்பிடிக்கும் அல்லது வெடிக்கும் பொருட்கள், ஆபத்தான தொழில்முறைகள் ஆகியவற்றில் அவர்களையும் சேர்க்கக் கூடாது என்றது. மீறும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை பிடிபட்டால் 1 முதல் 3 ஆண்டு சிறை. பிடியாணை இல்லாமலே போலீசார் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது.

இரண்டு விலக்குகள் உண்டு. சினிமா, தொலைக்காட்சி போன்றவற்றில் நடிக்கும் குழந்தைகளுக்கு ஒன்று. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் அவர்களை வேலை வாங்கக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவர்கள் பெயரில் வங்கியில் போட வேண்டும். மற்றொன்று, குடும்பத் தொழிலில் உதவுவது. ஆபத்தில்லாத தொழிலாக இருக்க வேண்டும். பள்ளி நேரத்திலும், இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரையிலும் கூடாது. ஒரு நாளில் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2017 விதிகள் சொல்கின்றன.

இந்த இரண்டாவது விலக்கை நான் கவலையோடுதான் பார்க்கிறேன். குடும்பம் என்றாலே பாதுகாப்பு என்று சட்டம் நம்புகிறது. ஆனால் குடும்பத்தின் பெயரால்தான் கூலிக் கணக்கு எழுதப்படுகிறது. திருநெல்வேலிப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் பீடி சுற்றும் வீடுகளில் இலையும் தூளும் ஒப்பந்தக்காரரிடமிருந்து வருகின்றன. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு. தாய் ஒருத்தியின் கைகளால் அன்றைய ஆயிரத்தை முடிக்க முடியாதபோது, இலை வெட்டவும் நுனி மடக்கவும் மகள் உட்காருகிறாள். பீடி சுற்றுவது இந்த விலக்கில் சேராத ஆபத்தான தொழில்தான்; ஆனால் அவள் உட்கார்ந்தாளா இல்லையா என்று எந்த ஆய்வாளர் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் காத்திருந்து பார்ப்பார்? அந்தத் தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒருவர் உழைத்தால் ஒரு குடும்பம் சாப்பிட முடியாதபடி ஆயிரத்துக்கான கூலி நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறைவை நிரப்புவது மகளின் விரல்கள்.

முன்பணம் என்னும் கயிறு

கூலிக் கணக்கு ஒரு வழி என்றால், கடன் கணக்கு அதைவிடக் கொடிய வழி. மருத்துவச் செலவு, திருமணம், சாவு, புயல், பயிர் பொய்த்தது என்று ஏதோ ஒன்றுக்காகக் குடும்பம் முன்பணம் வாங்குகிறது. அதை அடைக்க உழைப்பைத் தருகிறது. வட்டி என்ன, கூலியில் எவ்வளவு கழிந்தது, மீதி எவ்வளவு என்பதெல்லாம் கொடுத்தவருக்கு மட்டுமே தெரியும்.

ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் அறுவடைக்குப் பிறகு குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிச் சூளைகளுக்கு வருகிறவர்கள் தரகரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறுகிறார்கள். வீட்டில் விட்டுவர ஆளில்லாததால் பிள்ளைகளும் கூடவே வருகிறார்கள். பள்ளி ஆண்டின் பாதி அங்கேயே முடிந்துபோகிறது.

காவிரிப் படுகையில் வேறொரு முறை இருக்கிறது. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆட்டு மந்தைகள் வரும். எருவுக்காக உழவர்கள் அவற்றை வரவேற்பார்கள். பல தலைமுறைகளாக நடக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் மந்தையை நடத்திவரும் சில கீதாரிகள் ஏழைப் பெற்றோருக்குச் சில ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு, அவர்களுடைய சிறுவனை மந்தையோடு கூட்டிப் போய்விடுவதும் நடந்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து டெல்டாவின் தென்னைகளையும் குடிசைகளையும் சாய்த்த பிறகு, இப்படி அடகு போன சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்திகள் தஞ்சாவூர் வட்டாரத்திலிருந்து வந்தன. ஆட்டோடு ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்கும் பிள்ளையை எந்தத் தெருவிலும் நான்கு நாளைக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. இரவில் வயல்வெளியில் படுக்கை. குட்டி ஒன்று காணாமல் போனால் அடி, அதன் விலையும் கடனில் ஏறும். குழந்தைத் தொழிலின் வகைகளில் இதைப் போல என் மனத்தை வருத்துவது வேறில்லை. இந்தச் சிறுவனுக்கு வீட்டுக்குத் திரும்பும் வழி கூடத் தெரியாது.

பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதை நம் நாட்டுச் சட்டம் நேற்றுத்தான் கண்டுபிடித்தது என்று எண்ண வேண்டாம். 1931-இல் அறிக்கை தந்த தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் கம்பளம், பீடி போன்ற தொழில்களில் பெற்றோர் முன்பணம் வாங்கிப் பிள்ளைகளை ஒப்படைப்பதைப் பதிவுசெய்தது. அதன் பிறகு 1933-இல் குழந்தை உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று தனிச் சட்டமே வந்தது. 1976-இல் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. இந்தச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அது தானாகவே அழிந்துவிடுகிறது. இதைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலோரிடம் யாரும் சொன்னதே இல்லை. வாங்கிய கடனைக் கொடுக்காமல் வந்துவிட்டோமே என்ற குற்ற உணர்வோடு பிள்ளையைத் தாங்களே திருப்பி அனுப்பும் பெற்றோர் உண்டு.

சிவகாசி சொல்லித் தருவது

ஒரு வட்டாரம் எப்படிக் குழந்தைத் தொழிலுக்குள் விழுந்தது, எப்படி அதிலிருந்து பெருமளவு எழுந்தது என்பதற்குச் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பகுதியை விட நல்ல பாடம் தமிழ்நாட்டில் இல்லை.

வானம் பார்த்த பூமி அது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தார்கள். அடுத்தடுத்துத் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் வளர்ந்தன. பஞ்சத்தில் வாடிய மண்ணுக்கு அது வாழ்வு கொடுத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் ஆபீஸ் என்று அங்கே சொல்லப்படும் தீப்பெட்டி ஆலையில் குச்சிகளைக் கட்டையில் அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் எண்ணிக்கைக் கூலி. எண்ணிக்கைக் கூலி இருக்கும் இடத்தில் வயது யாருக்கும் தேவைப்படுவதில்லை. 1970-களிலும் 80-களிலும் விடியலுக்கு வெகுநேரம் முன்பே ஆலைப் பஸ்கள் சுற்றுக் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுமிகள். அண்ணனோ தம்பியோ பள்ளிக்குப் போக, அக்காளும் தங்கையும் ஆபீசுக்குப் போனார்கள். கந்தகமும் பொட்டாசியம் குளோரேட்டும் கலந்த காற்று, நாள் முழுக்கக் குனிந்த முதுகு, எப்போது வேண்டுமானாலும் பிடிக்கக்கூடிய தீ.

1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து வந்த பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி, மதிய உணவு, மாத உதவித்தொகை. இதற்கிடையே வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குழந்தையின் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்; முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும். இந்த 25,000 ரூபாயின் வட்டி, பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும்.

அந்தத் தீர்ப்பின் சிறப்பு அபராதத்தில் இல்லை என்பேன். பிள்ளையை எடுத்தால் அந்த இடத்தில் பெரியவரின் வருமானத்தை வை என்று நீதிமன்றம் சொன்னது. கூலி நோட்டைத் திறந்து பார்த்த தீர்ப்பு அது. இன்றைய சட்டப்படி முதலாளி கட்டும் அபராதமும் அரசின் 15,000 ரூபாயும் குழந்தையின் பெயரிலான நிதிக்குப் போகின்றன. பெரியவருக்கு வேலை என்ற பகுதி சட்டத்துக்குள் வரவே இல்லை. அது பெரிய இழப்பு.

சிவகாசியில் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்ததற்குத் தீர்ப்பு மட்டும் காரணமில்லை. குச்சி அடுக்க எந்திரங்கள் வந்தன. ஊருக்கு ஊர் பள்ளிகள் வந்தன. சோறு வந்தது. சோற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்: அதே வட்டாரத்தில், விருதுநகரில் பிறந்த காமராசர் 1950-களில் தொடங்கிய பள்ளி மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர் விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் ஒரே உண்மையின் மேல் நிற்கின்றன. பிள்ளையின் ஒரு வேளைச் சோற்றுப் பொறுப்பைப் பள்ளி ஏற்றுக்கொண்டால், அந்த ஒரு வேளைக்காக அது வேலைக்குப் போக வேண்டியதில்லை.

"வறுமை ஒழிந்தால்தானே குழந்தைத் தொழில் ஒழியும்?" என்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. குழந்தை குறைந்த கூலிக்கு வந்து நிற்பதால்தான் பெரியவரின் கூலி ஏறுவதில்லை, சில இடங்களில் பெரியவருக்கு வேலையே கிடைப்பதில்லை. படிக்காமல் வளரும் பிள்ளை அதே கூலிக்கே பெரியவராகிறது. வறுமை ஒழியட்டும் என்று காத்திருந்தால், வறுமையைக் காப்பாற்றும் ஒரு காரணத்தை அப்படியே விட்டுவைக்கிறோம்.

எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 முதல் 14 வயது வரை வேலை செய்யும் குழந்தைகள் நாடு முழுவதும் சுமார் 1 கோடியே 1 லட்சம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யூனிசெப்பும் 2024-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டபடி உலகில் 13.8 கோடிப் பேர். அவர்களில் சுமார் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலைகளில். மொத்தத்தில் பத்தில் ஆறு பேர் வேளாண்மையில் இருக்கிறார்கள், அதாவது தொழிற்சாலை ஆய்வாளர் போகாத இடத்தில்.

பார்த்தால் என்ன செய்வது?

குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றாலும் தகவலைக் கொடுக்கலாம். அழைக்கும் முன் சில விவரங்களைக் கவனித்து வைத்துக்கொண்டால் பெரிய உதவி: சரியான இடம், அருகில் உள்ள அடையாளம், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், தோராயமாக என்ன வயது, என்ன மொழி பேசுகிறார்கள், எந்த நேரத்தில் வேலை நடக்கிறது, இரவில் அங்கேயே தங்குகிறார்களா. மொழி பலரும் மறந்துவிடும் ஒன்று. ஒடியாவோ இந்தியோ மட்டும் தெரிந்த பிள்ளையிடம் தமிழில் விசாரித்தால், முதலாளியே மொழிபெயர்ப்பாளராக வந்து நின்றுவிடுவார்.

முதலாளியிடம் நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள். கோபம் வருவது இயல்பு. ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் பின்வாசல் வழியாகப் பிள்ளைகள் வேறிடம் மாற்றப்பட்டுவிடுவார்கள், அதன் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. படம் எடுத்து சமூக ஊடகத்தில் போடவும் வேண்டாம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. அந்தப் படம் நாளை அந்தப் பிள்ளை படிக்கும் வகுப்பறைக்கும் போய்ச் சேரும்.

மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். வயதுக்குப் பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும் முதலில் பார்க்கப்படும். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சியை வைத்து மருத்துவப் பரிசோதனை. வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்பதைக் குழு முடிவுசெய்யும். முன்பணம் கொடுத்து வைத்திருந்தது தெரிந்தால், கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ விடுவிப்புச் சான்றிதழ் வாங்கியே ஆக வேண்டும். இந்த ஒரு தாளுக்காக எத்தனை முறை அலைந்தாலும் தகும். கடன் அழிந்துவிட்டது என்பதற்கு அதுதான் ஆதாரம். அதை வைத்துத்தான் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும், குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய் மறுவாழ்வுத் தொகைக்கு வழி பிறக்கும். பெரிய தொகை வழக்கில் குற்றம் உறுதியாவதோடு கட்டப்பட்டிருப்பதால் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. அதனால்தான் உடனடி உதவியை விடாமல் வாங்கித் தருவது முக்கியம்.

மீட்ட பிறகு

செய்தித்தாளில் "12 சிறுவர்கள் மீட்பு" என்று வரும். ஆறு மாதம் கழித்து அவர்கள் எங்கே என்று எந்தச் செய்தியும் வராது. உண்மையில் வேலை தொடங்குவது அங்கேதான்.

பள்ளியில் சேர்ப்பதற்குத் தடை எதுவும் இருக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, விடுபட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். தாமதமாகச் சேர்ந்த பிள்ளைக்கு 14 வயது தாண்டிய பிறகும் எட்டாம் வகுப்பு முடியும் வரை இலவசக் கல்வி உண்டு. ஆனால் பன்னிரண்டு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையன் ஏழாம் வகுப்பில் உட்காரும்போது அவனைப் பள்ளியை விட்டு ஓடச் செய்வது சட்டம் இல்லாமை அன்று, வெட்கம். முன்பு அவனைப் போன்றவர்களுக்குக் குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளி ஒரு பாலமாக இருந்தது. 2021-இல் அந்தத் திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டதால், பாலமாக இருக்கும் பொறுப்பு இப்போது சாதாரண அரசுப் பள்ளி ஆசிரியரிடம் வந்திருக்கிறது. அவருக்கு நேரமும் துணையும் தேவை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரும், ஊரில் படித்த இளைஞர்களும் மாலையில் ஒரு மணி நேரம் அந்த ஒருவனுக்கு எழுத்து சொல்லித் தர முடியும். சேவை செய்ய எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதல் இடம் இதுதான்.

வீட்டுப் பக்கமும் பார்க்க வேண்டும். தாய்க்கு ஊரக வேலைத் திட்ட அட்டை இருக்கிறதா, ரேஷன் அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா, கைம்பெண் என்றால் உதவித்தொகை வருகிறதா? நலிந்த குடும்பத்துக் குழந்தைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு மனு, ஒரு கையெழுத்து, ஒரு வரிசை. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரால் தனியாக முடியாது.

இன்னொரு விதியைத் தலைமை ஆசிரியர்களே பலர் பயன்படுத்துவதில்லை. ஒரு பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து 30 நாள் வராவிட்டால், அதைப் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் ஜூன் மாதமும், தீபாவளிக்குப் பிந்தைய வாரங்களும் பிள்ளைகள் அதிகம் நழுவும் காலம். அந்த நாட்களில் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, வராதவர்களின் வீட்டுக்கு ஒரு முறை போய் வந்தாலே போதும்; அடகு போகவிருந்த ஒரு பிள்ளையை முன்பணம் கைமாறும் முன்பே நிறுத்திவிட முடியும்.